முழங்கால் பரிசோதனை: லாக்மனா டிராயரா, மெக்மர்ரேயா தெஸ்ஸலியா?

"லாக்மன் பண்ணினா போதுமா, டிராயரும் பண்ணணுமா சார்?" "மெக்மர்ரே பண்ணினா கத்துறாங்க, அதுக்குப் பதிலா தெஸ்ஸலி பண்ணலாமா?" ஹவுஸ் சர்ஜன்களும் பிசியோதெரபி மாணவர்களும் எலும்பு முறிவு ஓ.பி.க்கு வந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்விகள் இவை. லாக்மனும் டிராயரும் ஏ.சி.எல்.லைப் பார்ப்பவை; அதாவது தொடை எலும்பையும் கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியாவையும் முட்டிக்குள் முன்பக்கமாகக் கட்டும் லிகமென்ட்டை (எலும்புகளை இணைக்கும் நாரை). மெக்மர்ரேயும் தெஸ்ஸலியும் அந்த இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வான மெனிஸ்கஸைப் பார்ப்பவை. முழங்காலுக்கென்று பெயர் வைத்த சோதனைகள் புத்தகத்தில் ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன. வெளியே வரிசை நிற்கிறது. எல்லாவற்றையும் செய்ய நேரமும் கிடையாது, வீங்கிய கால் அதற்கு இடமும் கொடுக்காது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். ஒவ்வொரு சோதனையின் செய்முறையையும் முழுதாக எழுதப் போவதில்லை. முடிவெடுக்கத் தேவையான அளவு மட்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

அடிபட்டு எத்தனை நாள் ஆயிற்று? இதுதான் முதல் அளவுகோல். நேற்று திருகிய முட்டியும் ஆறு மாதமாக "நழுவிக்கொண்டிருக்கும்" முட்டியும் பரிசோதிப்பவரின் கைக்கு வேறு வேறு மூட்டுகள்.

கால் எவ்வளவு மடங்குகிறது? 90 டிகிரி மடங்காத காலில் 90 டிகிரி கேட்கும் சோதனையைத் தொடங்குவதே வீண்.

உங்கள் கை அளவும் அவர் தொடை அளவும். பாடப்புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடும். சிறிய கை உள்ளவர்களுக்கோ இதுதான் பெரிய தலைவலி.

எந்தப் பதிலை நம்பலாம்? சில சோதனைகள் "கிழிந்திருக்கிறது" என்றால் நம்பலாம், "கிழியவில்லை" என்றால் நம்பக்கூடாது. சில இதற்கு நேர்மாறு. இது தெரியாமல் கேஸ் ஷீட்டில் "நெகட்டிவ்" என்று எழுதிவிட்டுப் போனால், அடுத்துப் பார்ப்பவரும் அதே குழியில் விழுவார்.

மறைமுகச் செலவு. ஒரு சோதனையில் வலித்துவிட்டால் அதற்குப் பின் வரும் எல்லாச் சோதனைகளும் கெட்டுவிடும். தசை இறுகிக்கொள்ளும், நோயாளி உங்கள் கையையே பயத்தோடு பார்ப்பார். அதனால் எதைச் செய்வது என்பதோடு எதை முதலில் செய்வது என்பதும் சேர்ந்தே வருகிறது.

## தேர்வுக்கே இடமில்லாத முட்டிகள்

காய்ச்சலும், தொட்டால் கொதிக்கும் முட்டியும், லேசாக அசைத்தாலே அலறலுமாக வருபவரிடம் லாக்மனும் வேண்டாம், மெக்மர்ரேயும் வேண்டாம். மூட்டுக்குள் சீழ் இருக்கலாம். ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்ப்பதுதான் அவருக்கான பரிசோதனை.

அடிபட்டு வந்த பெரியவர்களுக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவெடுக்க, கனடாவில் இயன் ஸ்டீல் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஒட்டாவா விதி போதும். வயது 55 அல்லது அதற்கு மேல். முட்டிச் சில்லில் மட்டும் அழுத்தினால் வலி. கீழ்க்காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் தலையில் வலி. 90 டிகிரி மடக்க முடியவில்லை. அடிபட்ட உடனேயும் இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் முதலில் படம் எடுத்துவிடுங்கள். முறிந்த எலும்பைப் பிடித்து டிராயர் இழுத்துப் பார்ப்பவரை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இரண்டு விஷயங்கள் அடிக்கடி விட்டுப்போகின்றன. ஒன்று, காலை நீட்டியபடியே தூக்கச் சொல்லிப் பார்ப்பது. தூக்க முடியவில்லை என்றால் தொடைத் தசைநாண், சில்லு எலும்பு, அதன் கீழுள்ள நாண் ஆகிய தொடரில் எங்கோ அறுந்திருக்கலாம். இரண்டு, முட்டி வலி என்று வரும் சிறுவர் சிறுமியரின் இடுப்பு மூட்டை அசைத்துப் பார்ப்பது. இடுப்பில் கோளாறு இருக்க, வலியை முட்டியில் காட்டும் பிள்ளைகள் உண்டு.

இன்னொன்று, சின்ன விஷயம்போல் தெரியும். பேன்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டு வருபவரிடம் பரிசோதனையைத் தொடங்காதீர்கள். சுருட்டிய ஜீன்ஸ் தொடையை இறுக்கிப் பிடித்திருக்கும். தொடைத் தசை மெலிந்திருப்பதும் கண்ணில் படாது. ஒரு போர்வை கொடுத்து, மறைப்பு போட்டு, பெண் நோயாளி என்றால் உடன் ஒரு பெண் இருக்கும்படி செய்து, இரண்டு தொடைகளும் தெரிய வேண்டும். ஒப்பிட நல்ல கால் பக்கத்திலேயே கிடக்கிறது. அதைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

## ஏ.சி.எல்.: நான்கு வழிகள்

கபடியில் காலைப் பிடித்து மடக்கும்போது, ஃபுட்பாலில் ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது, "டப்"பென்று ஒரு சத்தம். ஓரிரு மணி நேரத்துக்குள் முட்டி பூரிபோல் உப்பிவிட்டது. இந்தக் கதையைக் கேட்ட உடனே ஏ.சி.எல். என்று மனதில் குறித்துக்கொள்ளலாம். அத்தனை வேகமாக வீங்கினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ரத்தம். மறுநாள் மெல்ல வீங்கியிருந்தால் மெனிஸ்கஸ் பக்கம் சந்தேகம் சாயும். கை வைக்கும் முன்பே பாதி வேலை இங்கே முடிந்துவிடுகிறது.

### லாக்மன்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் லாக்மனின் பெயரால், 1976-இல் ஜோசஃப் டார்க் குழுவினர் எழுதிய சோதனை. இதே அசைவை பாரிஸில் ஜார்ஜ் நூலிஸ் என்பவர் 1875-லேயே தன் ஆய்வேட்டில் எழுதிவைத்திருந்தார்.

முட்டி 20 முதல் 30 டிகிரி மடங்கியிருந்தால் போதும் என்பதுதான் இதன் பெரிய பலம். வீங்கிய முட்டி தானாகவே ஏறக்குறைய அந்த நிலையில்தான் கிடக்கும். ஒரு கை தொடையைச் சில்லுக்கு மேலே வெளிப்பக்கமிருந்து பிடிக்கிறது. மறு கை டிபியாவை உள்பக்கமிருந்து பிடித்து முன்னோக்கித் தூக்குகிறது. எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதைவிட, நகர்ந்து முடியும் இடத்தில் என்ன தட்டுப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல லிகமென்ட் "டக்"கென்று நிறுத்தும். அறுந்ததில் அந்த நிறுத்தம் இருக்காது. கை மெத்தென்று எங்கோ போய் நிற்கும்.

நோயாளி காலை இறுக்கிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. இறுக்கியிருக்கிறாரா என்று அறிய, டிபியாவைப் பிடித்த கையின் விரல் நுனிகள் முட்டிக்குப் பின்னால் இருக்கும் அல்லவா, அவை தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங்கின் நாண்களைத் தொடட்டும். கம்பிபோல் விறைத்திருந்தால் இன்னும் தொடங்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கத் தலையைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். "தம்பி, தலையைத் தலகாணியில போடுப்பா, நான் இழுக்கப் போறதில்ல, தூக்கிப் பாக்குறேன் அவ்வளவுதான்" என்றால் நாண் தளர்வது விரலிலேயே தெரியும்.

மறைமுகச் செலவு கை அளவில் இருக்கிறது. பருத்த தொடையை ஒரு சிறிய கையால் பிடித்து நிறுத்த முடியாது. தொடையும் சேர்ந்து அசைய, விடை குழம்பும். அதற்கு மாற்று உண்டு. உங்கள் முட்டியைக் கட்டிலில் மடக்கி வைத்து, அவர் தொடையை அதன்மேல் ஏற்றி, மேலிருந்து கையால் அழுத்திக்கொண்டால் பிடிக்க வேண்டிய வேலை பாதியாகிவிடும். கட்டில் ஓரமாகக் காலைத் தொங்கவிட்டும் செய்யலாம்.

### முன் டிராயர்

மாணவர்களுக்குப் பிடித்த சோதனை. முட்டியை 90 டிகிரி மடக்கி, பாதத்தின்மேல் லேசாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் டிபியாவை முன்னுக்கு இழுப்பது. பிடி எளிது, சிறிய கைக்கும் வசதி, தேர்வில் செய்து காட்டவும் நன்றாக இருக்கும்.

ஆனால் புதுக் காயத்தில் இது பொய் சொல்லும். ரத்தம் நிறைந்த முட்டி 90 டிகிரிக்கு வராது. வந்தாலும் அந்த நிலையில் ஹாம்ஸ்ட்ரிங் டிபியாவைப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கும். உள் மெனிஸ்கஸின் பின்பகுதியும் தொடை எலும்புக்கு முட்டுக்கொடுத்து டிபியாவை நகரவிடாது. மூன்று காரணமும் சேர்ந்து, முழுக்க அறுந்த ஏ.சி.எல்.லையும் "நெகட்டிவ்" ஆக்கிவிடும்.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. பைக்கிலிருந்து மடங்கிய முட்டி தரையில் மோதும்படி விழுந்தவருக்கு முட்டிக்குள் பின்பக்கமாகக் கட்டும் லிகமென்ட்டான பி.சி.எல். அறுந்திருக்கலாம். டிபியா ஏற்கனவே பின்னால் தொங்கிப்போயிருக்கும். நீங்கள் இழுக்க, அது இயல்பான இடத்துக்கு வரும். "ஆகா, டிராயர் பாசிட்டிவ்" என்று ஏ.சி.எல். கணக்கில் எழுதிவிடுவீர்கள். அதனால் இழுக்கும் முன், இரண்டு முட்டியையும் 90 டிகிரியில் அருகருகே வைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒரு முறை பாருங்கள். சில்லுக்குக் கீழேயுள்ள எலும்பு மேடு ஒரு காலில் பள்ளமாகத் தெரிந்தால் விஷயம் வேறு. சில நொடிகள்தான் ஆகும். இதை விட்டுவிட்டுச் செய்த டிராயருக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

### பிவட் ஷிஃப்ட்

1972-இல் கால்வேயும் மெக்கின்டாஷும் விவரித்தது. நீட்டிய காலை உள்பக்கம் திருப்பி, வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தம் கொடுத்தபடி மெல்ல மடக்க வேண்டும். ஏ.சி.எல். இல்லாத முட்டியில் தொடக்கத்திலேயே டிபியாவின் வெளிப்பகுதி முன்னால் நழுவியிருக்கும். ஏறக்குறைய 30 டிகிரி தாண்டும்போது தொடையின் வெளிப்புறப் பட்டை அதைப் பின்னுக்கு இழுக்க, "தடக்"கென்று இடத்தில் வந்து விழும். நோயாளி உடனே சொல்வார்: "இதுதான் சார், இப்படித்தான் வெளையாடும்போது கழண்டு போகுது."

விழித்திருப்பவரிடம் இது ஒரு தடவைதான் கிடைக்கும். அந்தத் தடக்கை அனுபவித்தவர் இரண்டாவது முறை காலைத் தளரவிட மாட்டார். 2006-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், பிவட் ஷிஃப்ட் கிழிசலைக் கண்டுபிடித்தது 24 சதவீதம் பேரிடம்தான். ஆனால் கிழியாதவர்களில் 98 சதவீதம் பேரை அது சரியாகவே விட்டுவிட்டது. அதாவது வந்தால் நம்பலாம், வரவில்லை என்றால் ஒன்றும் பொருளில்லை. அதே கணக்கில், அதே வரிசையில், லாக்மன் 85-உம் 94-உம். டிராயர் பழைய காயத்தில் 92-உம் 91-உம், புதுக் காயத்தில் நம்பும்படி இல்லை.

அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுத்தபின் பிவட் ஷிஃப்ட்டுக்கு நிகரில்லை. ஓ.பி.யில் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டியின் உள்பக்க லிகமென்ட்டும் அறுந்திருந்தால் இது வேலை செய்யாது. அங்கே முயலவே வேண்டாம்.

### லெவர்

இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ லெல்லி கொண்டுவந்த, இந்த நான்கில் இளைய சோதனை. கெண்டைக்காலின் மேற்பகுதிக்குக் கீழே விரல்களை மடக்கி முஷ்டியாக்கிய உங்கள் கையை வைத்து, மறு கையால் தொடையின் கீழ்ப்பகுதியை அழுத்துவது. ஏ.சி.எல். நன்றாக இருந்தால் குதிகால் கட்டிலைவிட்டு எழும்; அறுந்திருந்தால் அப்படியே கிடக்கும். பிடிவலிமை தேவையில்லை, பருத்த தொடைக்கும் பொருந்தும். முதல் அறிக்கையில் கிட்டத்தட்ட பிழையே இல்லை என்று வந்தது. பின்வந்தவர்கள் செய்தபோது அந்த அளவு வரவில்லை. மெத்தை மென்மையாக இருந்தால் கை அமுங்கிப்போய் விடை கெடும். லாக்மனுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக வைக்க நான் சொல்ல மாட்டேன்.

| சோதனை | எங்கே கைகொடுக்கும் | எங்கே ஏமாற்றும் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| லாக்மன் | புதுக் காயம், வீங்கிய முட்டி | இறுகிய தசை, மடிந்து சிக்கிய மெனிஸ்கஸ், பி.சி.எல். அறுந்த கால் | பெரிய கை வேண்டும், பழக நாளாகும் |
| முன் டிராயர் | வாரக்கணக்கான பழைய காயம் | புதுக் காயம், பி.சி.எல். அறுந்த கால் | 90 டிகிரி மடக்கும் வலி |
| பிவட் ஷிஃப்ட் | மயக்க நிலையில். "நழுவுது" என்பவரிடம் | விழித்திருந்து இறுக்குபவர் | அடுத்த சோதனைக்கு ஒத்துழைப்பு போய்விடும் |
| லெவர் | சிறிய கை, பருத்த தொடை | மென்மையான மெத்தை. பாதி அறுந்த லிகமென்ட் | தனியாக நம்பினால் தவறலாம் |

புதுக் காயமென்றால் லாக்மன் ஒன்றே போதும். பழையது என்றால் லாக்மனோடு டிராயர். அறுவைக்கு முன் எவ்வளவு நழுவுகிறது என்று அறியத்தான் பிவட் ஷிஃப்ட்.

## மெனிஸ்கஸ்: இங்கே எதுவும் தனியாக நிற்காது

ஏ.சி.எல்.லில் ஒரு சோதனையை நம்பி முடிவெடுக்கலாம். மெனிஸ்கஸில் அந்தச் சொகுசு இல்லை.

மூட்டு இடுக்கை அழுத்துவது. முட்டியை மடக்கி, சில்லுக்குக் கீழேயுள்ள நாணின் இரு பக்கமும் விரல் அமுங்கும் பள்ளத்தைத் தேடி, அங்கிருந்து இடுக்கோடு பின்னால் போக வேண்டும். எளிது, அதிகம் வலிக்காது, யாரிடமும் செய்யலாம். ஆனால் தேய்ந்த மூட்டிலும் வலிக்கும், உள்பக்க லிகமென்ட் அடிபட்டாலும் வலிக்கும். இதைத் தொடும் முன், "அம்மா, எங்க வலிக்குதுன்னு ஒரே ஒரு விரலால காட்டுங்க" என்று கேளுங்கள். விரல் இடுக்கில் போய் நின்றால் மெனிஸ்கஸைத் தேடலாம். விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையால் முட்டி முழுவதையும் தடவிக் காட்டினால், அது பெரும்பாலும் தேய்மானத்தின் வலி.

மெக்மர்ரே. லிவர்பூலின் தாமஸ் போர்ட்டர் மெக்மர்ரே 1942-இல் எழுதியது. முழுதாக மடக்கி, பாதத்தை வெளியே திருப்பி நீட்டினால் உள் மெனிஸ்கஸ். உள்ளே திருப்பி நீட்டினால் வெளி மெனிஸ்கஸ். இடுக்கில் வைத்த விரலுக்கு ஒரு க்ளிக் தட்டுப்பட வேண்டும், அதோடு அவருக்குப் பழக்கமான வலியும் வர வேண்டும். வெறும் வலியை மட்டும் பாசிட்டிவ் என்று எழுதினால் ஓ.பி.யில் பாதிப் பேருக்கு மெனிஸ்கஸ் கிழிந்திருக்கும். முழு மடக்கம் தேவை என்பதுதான் இதன் விலை. சம்மணம் போட்டு உட்கார முடியாதவரிடம் இதைச் செய்து என்ன தெரிந்துகொள்வது? நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்ட முட்டியிலும் வேண்டாம். அந்தப் பூட்டே போதுமான அடையாளம்.

தெஸ்ஸலி. கிரேக்க நாட்டின் தெஸ்ஸலி பகுதியிலிருந்து 2005-இல் வந்தது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, முட்டியை 20 டிகிரி மடக்கி, உடலை இடமும் வலமுமாக மூன்று முறை திருப்புவது. முதல் ஆய்வில் 94 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னது. 2015-இல் பிரிட்டனில் குடும்ப மருத்துவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தபோது 54 சதவீதம்தான் வந்தது. மெக்மர்ரேயும் கிட்டத்தட்ட அதே கதி. மடக்க முடியாமல், ஆனால் நன்றாக நிற்கக்கூடிய இளையவரிடம் இது உதவும். நேற்று அடிபட்டு நொண்டி வந்தவரையோ, தள்ளாடும் முதியவரையோ ஒற்றைக் காலில் நிறுத்தித் திருப்பாதீர்கள்.

ஏப்ளி. குப்புறப் படுக்க வைத்து அழுத்தித் திருகும் சோதனை. சில்லு மெத்தையில் அழுந்த, எது வலித்தது என்றே தெரியாமல் போகும். நான் அரிதாகத்தான் செய்கிறேன்.

என் வழக்கம் இடுக்கு வலியும் மெக்மர்ரேயும். இரண்டும் ஒத்துப்போய், திருகிய கதையும் பொருந்தினால் மெனிஸ்கஸ் என்று எழுதுவேன். ஒன்று மட்டும் வந்தால் "சந்தேகம்" என்ற அளவில் நிறுத்துவேன். தரையில் உட்கார்ந்து எழும்போது எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கேட்பது இந்தச் சோதனைகள் பலவற்றைவிட அதிகம் சொல்லும்.

## முட்டியில் நீர்: தட்டுவதா, வழிப்பதா?

நிறைய நீர் கோத்திருந்தால் சில்லைத் தட்டிப் பார்ப்பது. கொஞ்சம் என்றால் உள்பக்கத்தை மேல்நோக்கி வழித்துவிட்டு, வெளிப்பக்கம் தடவும்போது உள்பக்கம் குழி நிரம்புகிறதா என்று பார்ப்பது. கொஞ்சமாக இருக்கும்போது தட்டினால் சில்லு மிதக்காது. இறுக நிறைந்திருக்கும்போது வழித்தால் நகர இடமிருக்காது. கண்ணால் பார்த்து எது என்று முடிவு செய்துகொள்ளலாம்.

## கையா, எம்.ஆர்.ஐ.யா?

"எதுக்கு சார் இவ்வளவு, ஸ்கேன் எழுதிட்டா போச்சு" என்பவர்களுக்கு. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ளவர்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதம் முட்டியில் வலியோ இறுக்கமோ இருந்ததே இல்லை. 60 வயது அம்மாவுக்கு ஸ்கேன் எழுதினால் "கிழிசல்" என்று வர நல்ல வாய்ப்பிருக்கிறது. வீட்டில் எல்லோரும் "ஜவ்வு கிழிஞ்சிடுச்சாம்" என்று பதறுவார்கள். உண்மையில் வலிப்பது தேய்ந்த மூட்டாக இருக்கும். அவருக்கு நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரே போதும், செலவும் குறைவு.

எம்.ஆர்.ஐ. தேவைப்படும் இடங்கள்: அறுவைக்குப் போகப்போகிறவர், பூட்டிய முட்டி, கையில் ஒன்றும் உறுதியாகாமல் நழுவல் தொடரும் இளையவர். ஸ்கேன் வசதி தூரத்தில் இருக்கும் ஊரில் எக்ஸ்ரேயையே உற்றுப் பார்க்கலாம். டிபியாவின் வெளி மேல்விளிம்பில் நகத்துண்டு அளவுக்குப் பிய்ந்த எலும்புச் சில் தெரிந்தால், பால் சிகான்ட் 1879-இல் விவரித்த முறிவு அது. ஏ.சி.எல். அறுந்திருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. லாக்மன் செய்ய முடியாத வலியிலும் அந்தப் படம் உங்களுக்குச் சொல்லிவிடும்.

வலியாலும் வீக்கத்தாலும் எதுவுமே செய்ய முடியவில்லை என்றால், கேஸ் ஷீட்டில் "நெகட்டிவ்" என்று எழுதாதீர்கள். "வலியால் பரிசோதிக்க இயலவில்லை; லாக்மன், மெக்மர்ரே நிலுவை" என்று எழுதி, பாதத்தின் நாடித்துடிப்பைக் குறித்து, முட்டிக்குக் கட்டும் ஐஸும் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள். வீக்கம் இறங்கிய பிறகு செய்யும் லாக்மன் இரண்டு நிமிடத்தில் முடியும்.